‘கெட் டவுன்’ என்று சொன்னால் தப்பா? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் ‘லுக்’ என்ற ஒரே வினைக்குப் பின்னால் ‘ஆஃப்டர்’, ‘ஃபார்’, ‘இன்டு’ வரும்போது பொருள் எப்படித் தடம் மாறுகிறது என்று பத்து வரி எழுதியிருந்தேன். பத்து வரி போதாது என்று சொல்லிவிட்டீர்கள். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போவது, வருவது, ஏறுவது, இறங்குவது பற்றித்தான். அதுவும் புளியரை முதல் வாளையார் வரை எல்லைப் பக்கத்திலிருந்து வந்தவை. காலையில் தமிழ், மத்தியானம் மலையாளம், வேலை தேடும்போது ஆங்கிலம் என்று புழங்குகிறவர்களுக்கு இந்தச் சின்னச் சொற்கள் எவ்வளவு தொந்தரவு கொடுக்கும் என்பது முப்பது வருஷம் எல்லையோரப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்திய எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் இந்த இதழ்ப் பக்கம் முழுக்க இதற்கே.

ஐயா, வணக்கம். நர்சிங் முடித்திருக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நேர்முகத் தேர்வு. எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். ‘ஐ காட் டவுன் ஃப்ரம் தி பஸ் அட் தம்பானூர்’ என்றேன். கேட்டவர் சிரித்துக்கொண்டே ‘காட் ஆஃப்’ என்று திருத்தினார். நான் சொன்னது தப்பா? எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தானே சொல்கிறார்கள்? – வாசகி, புளியரை

தப்பு என்று நான் சொல்ல மாட்டேன், தங்கச்சி. நம் நாட்டு ஆங்கிலத்தில் ‘கெட் டவுன்’ வேர் பிடித்துவிட்டது, செங்கோட்டையில் சொன்னாலும் கொல்லத்தில் சொன்னாலும் புரியும். ஆனால் நீங்கள் நர்சிங் படித்தவர், நாளைக்கு வெளிநாட்டுக்குப் போகலாம். அங்கே ‘கெட் டவுன்’ என்றால் மரத்திலிருந்தோ மேசை மேலிருந்தோ கீழே வா என்று எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் ஆபத்து வருகிறது, தரையோடு குனி என்று எடுத்துக்கொள்வார்கள். பஸ்ஸுக்கு ‘கெட் ஆஃப்’தான்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தமிழில் ‘இறங்கு’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘கீழே’ இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கினாலும் பஸ்ஸிலிருந்து இறங்கினாலும் ஒரே சொல். அந்தக் ‘கீழே’யை நாம் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் ஆங்கிலத்தில் ‘டவுன்’ என்று வைத்துவிட்டோம். ஆங்கிலக்காரர் கண்ணுக்கு பஸ்ஸிலிருந்து இறங்குவதில் ‘கீழே’ படுவதில்லை. ஒரு தளத்தின் மேல் இருந்தவர் அந்தத் தளத்தை விட்டு விலகுகிறார், அதுதான் படுகிறது. அதற்கு ‘ஆஃப்’. ஏறினால் தளத்தின் மேல் வருகிறார், ‘ஆன்’.

நின்று நடக்கத் தளம் உள்ள வண்டிகளுக்கெல்லாம் இந்த ‘ஆன்’, ‘ஆஃப்’: பஸ், ரயில், கப்பல், விமானம். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிற சைக்கிள், பைக், குதிரைக்கும் இதுவே. குனிந்து நுழைந்து உட்காருகிற கார், ஆட்டோ, லாரி கேபின் இவற்றுக்கு ‘கெட் இன்’, ‘கெட் அவுட் ஆவ்’. வெறும் ‘கெட் அவுட்’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், அது வெளியே போ என்று விரட்டுவது.

உங்கள் வேலைக்கு இன்னும் இரண்டு சொல்கிறேன். போர்வைக்குள் படுத்திருக்கும் நோயாளி எழுந்து வர வேண்டுமென்றால் ‘கெட் அவுட் ஆவ் பெட்’. பார்க்க வந்த உறவினர் கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்துகொள்ள வேண்டுமென்றால் ‘கெட் ஆஃப் தி பெட்’. அப்புறம், நிற்கிறவரை உட்காரச் சொன்னால் ‘சிட் டவுன்’, படுத்திருக்கிறவரை உட்காரச் சொன்னால் ‘சிட் அப்’. இதை நாம் தமிழில் எப்படிச் சொல்வோம்? ‘எழுந்து உட்காருங்க.’ இந்த ‘எழுந்து’வை மறந்துவிடாதீர்கள், அடுத்த கடிதத்துக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

தமிழ்க் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பழகுகிறேன். ‘குழந்தை தவழ்ந்து வாசலுக்கு வெளியே வந்தது’ என்ற வரியை ‘தி சைல்ட் கேம் அவுட் ஆவ் தி டோர் பை க்ராலிங்’ என்று எழுதினேன். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் ஆங்கிலம் மாதிரியே இல்லை என்கிறார் நண்பர். எங்கே இடிக்கிறது என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. – வாசகர், களியக்காவிளை

உங்கள் நண்பரின் காது நல்ல காது. ‘தி சைல்ட் க்ரால்ட் அவுட்’, அவ்வளவுதான் ஆங்கிலம். ‘கேம்’ வேண்டாம், ‘பை’ வேண்டாம்.

ஒரு அசைவைச் சொல்லும்போது அதில் இரண்டு சேதி இருக்கிறது. எப்படி அசைந்தது என்பது ஒன்று: தவழ்ந்து, ஓடி, நொண்டி, உருண்டு, மிதந்து. எந்த வழியாக அசைந்தது என்பது இன்னொன்று: உள்ளே, வெளியே, மேலே, கீழே, குறுக்கே. இந்த இரண்டில் எதை முக்கிய வினையில் வைப்பது, எதைப் பக்கத்தில் வைப்பது என்பதில் உலக மொழிகள் பிரிந்து நிற்கின்றன. இதை விரிவாக எடுத்துச் சொன்னவர் லியோனார்ட் டால்மி என்ற அமெரிக்க மொழியியலாளர், 1985-இல் வந்த நீண்ட கட்டுரையில். அவருடைய உதாரணம் மொழியியல் வகுப்புகளில் இன்றைக்கும் ஓடுகிறது: ஒரு பாட்டில் மிதந்தபடி குகைக்குள் போகிறது. ஆங்கிலத்தில் ‘தி பாட்டில் ஃப்ளோட்டட் இன்டு தி கேவ்’. மிதந்தது வினையில், உள்ளே போனது சின்னச் சொல்லில். ஸ்பானிய மொழியில் அப்படியே தலைகீழ்: நுழைந்தது என்பது வினை, மிதந்துகொண்டு என்பது பின்னால் தொங்கும் ஒட்டு. அதையும் விருப்பப்பட்டால் சொல்லலாம், விட்டுவிடலாம்.

நம் தமிழ் இதில் பெரும்பாலும் ஸ்பானிய மொழியின் பக்கம்தான் நிற்கிறது. ‘மிதந்து உள்ளே போனது.’ ‘போனது’ என்பதுதான் முற்று, ‘மிதந்து’ வினையெச்சம். ஓடி வந்தான், பறந்து போயிற்று, நொண்டி நொண்டி நடந்து போனார், உருண்டு விழுந்தது. களியக்காவிளைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லை தாண்டிப் பாறசாலையில் இறங்கினாலும் மலையாளத்தில் ‘ஓடி வந்நு’, ‘பறந்நு போயி’தான். ஒரே அச்சில் வார்த்த வாக்கியம். (‘வெளியே ஓடினான்’ என்று ஆங்கில வழியிலும் நாம் சொல்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கதை சொல்லும்போது கை தானாகப் போவது ‘வெளியே ஓடி வந்தான்’ பக்கம்தான்.)

ஆக, தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும். வினையெச்சத்தில் இருப்பதை எடுத்து முக்கிய வினையாக்குங்கள். வந்தது, போனது, நுழைந்தது, ஏறியது, இறங்கியது இதையெல்லாம் சின்னச் சொல்லாக்குங்கள். ‘கிழவர் தள்ளாடி மாடி ஏறினார்’ என்பதில் தள்ளாடுவது வினையாகும், ஏறுவது ‘அப்’ ஆகும்: ‘தி ஓல்ட் மேன் டாட்டர்ட் அப் தி ஸ்டேர்ஸ்’. ‘வெள்ளம் பொங்கிப் பாலத்தைக் கடந்தது’ என்பதில் பொங்குவது ‘சர்ஜ்’, கடப்பது ‘ஓவர்’. முதல் பத்து வாக்கியத்துக்கு இது கணக்குப் போடுவது மாதிரி இருக்கும், அப்புறம் கை பழகிவிடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் வேறு ஒன்று. வழியைச் சின்னச் சொற்களில் வைத்துவிட்டதால், ஆங்கிலம் ஒரே வினையை வைத்துக்கொண்டு நீளமான பாதை முழுவதையும் சொல்லிவிடும். செங்கோட்டையிலிருந்து கிளம்பும் கொல்லம் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் நான் எழுதினால் ‘ரயில் வளைந்து வளைந்து மேலேறி, பகவதிபுரத்தைத் தாண்டி, குகைக்குள் புகுந்து, கேரளத்துக்குள் வெளிப்பட்டு, ஆரியங்காவை அடைகிறது’ என்று எழுதுவேன். எண்ணிப் பாருங்கள், எத்தனை வினை. ஆங்கிலத்தில் ‘வைன்ட்ஸ்’ என்று ஒரே ஒரு வினை போதும். பின்னால் ‘அப் ஃப்ரம் செங்கோட்டை, பாஸ்ட் பகவதிபுரம், த்ரூ தி டனல் அண்ட் அவுட் இன்டு கேரளா’ என்று பெட்டிகளைக் கோத்ததுபோல் கோத்துக்கொண்டே போகலாம். டான் ஸ்லோபின் என்ற ஆய்வாளர், வார்த்தையே இல்லாத ஒரு தவளைப் படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் கொடுத்துக் கதை சொல்ல வைத்தார். ஆங்கிலம் பேசுகிறவர்கள் விதவிதமான அசைவு வினைகளையும் நீளமான பாதைகளையும் சொன்னார்கள். ஸ்பானிய மொழிக்காரர்கள் இடம் எப்படி இருந்தது, பள்ளம் எங்கே இருந்தது என்று காட்சியை விவரித்துவிட்டு, பாதையைக் கேட்கிறவர் ஊகத்துக்கு விட்டார்கள். ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்பதில்லை. பேச வாயைத் திறக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று அவரவர் மொழி பழக்கிவைத்திருக்கிறது.

அதனால் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போதும் இதே கவனம் வேண்டும். ‘அவன் ஊரின் ஊடாக, பாலத்தின் மேலாக, வயலுக்குள் ஓடினான்’ என்று எழுதும் மொழிபெயர்ப்புகளைப் படிக்கும்போது எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டப்படுகிறது. ஓடினான், பாலத்தைத் தாண்டினான், வயலுக்குள் இறங்கினான் என்று வினைகளைப் பரப்பிப் போடுங்கள். தமிழின் பலம் வினையில் இருக்கிறது.

லாரி புக்கிங் ஆபீசில் வேலை. ‘லாரி ரீச்ட் டு பாலக்காடு’, ‘என்டர்ட் இன்டு கேரளா’ என்று மெசேஜ் போடுகிறேன். கொச்சி பார்ட்டி ஒருத்தர் ‘டு’வும் ‘இன்டு’வும் வேண்டாம் என்கிறார். மற்ற இடத்தில் கேட்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் வேண்டாம்? – வாசகர், வாளையார்

அவர் சொல்வது சரி. ‘ரீச்ட் பாலக்காடு’, ‘என்டர்ட் கேரளா’, ‘க்ராஸ்ட் வாளையார்’, ‘லெஃப்ட் கோயம்புத்தூர்’, நேரே ஊர்ப்பெயர்தான். மலைப்பாதை ஏறியதைச் சொல்லும் ‘க்ளைம்ட் தி காட்’ என்பதற்கும் அப்படித்தான்.

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. ஆங்கிலத்திலும் வழியை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் வினைகள் உண்டு. 1066-இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக ‘என்டர்’, ‘டிசென்ட்’, ‘ரிட்டர்ன்’, ‘அப்ரோச்’ மாதிரி நிறைய வந்து சேர்ந்தன. நம் நுழை, இறங்கு, திரும்பு, நெருங்கு இவற்றின் ஜோடி. உள்ளே ஏற்கெனவே வழி இருப்பதால் வெளியே இன்னொன்று ஒட்டினால் இரட்டிப்பாகிறது. ‘ரிட்டர்ன் பேக்’, ‘டிசென்ட் டவுன்’ இரண்டும் அந்தத் தவறுதான். ‘ரீச்’, ‘லீவ்’ பழைய ஆங்கிலச் சொற்கள், ஆனாலும் இதே குணம். ‘என்டர் இன்டு’ என்பது ஒப்பந்தம், பேச்சுவார்த்தை இவற்றில் இறங்குவதற்கு மட்டும். ‘அரைவ்’ மட்டும் தனி: பின்னால் ‘அட்’ அல்லது ‘இன்’ கேட்கும், ‘டு’ ஒருநாளும் கேட்காது.

‘தாண்டி’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எது சரி? அகராதியில் ஐந்தாறு போட்டிருக்கிறது. என் பேத்திக்குச் சொல்லித்தரும்போது திணறுகிறேன். – ஓய்வுபெற்ற வாசகர், செங்கோட்டை

ஐயா, உங்களுக்கு நம் மலைப்பாதையை வைத்தே சொல்லிவிடலாம். புளியரையிலிருந்து பஸ் எஸ் வளைவில் ஏறி மலையைத் தாண்டுகிறது. மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்குவதால் அது ‘ஓவர் தி ஹில்ஸ்’. அதே மலையை ரயிலும் தாண்டுகிறது, ஆனால் உள்ளே புகுந்து, அதனால் ‘த்ரூ தி ஹில்ஸ்’. கோட்டைவாசலில் மாநில எல்லையைத் தாண்டுகிறீர்கள். எல்லை என்பது தரையில் கிடக்கிற கோடு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது ‘அக்ராஸ் தி பார்டர்’. ஆரியங்காவு கோயிலில் இறங்காமல் அதைத் தாண்டிப் போனால் ‘பாஸ்ட் தி டெம்பிள்’, கோயிலை ஒட்டிக் கடந்துவிட்டீர்கள். தென்மலை ஆரியங்காவையும் தாண்டி இருக்கிறது என்றால் அங்கே அசைவே இல்லை, தூரம்தான், அதற்கு ‘பியாண்ட்’.

அதாவது, தமிழில் ‘தாண்டி’ என்ற ஒரே வினையெச்சம் செய்யும் வேலையை ஆங்கிலம், தாண்டப்படும் பொருளின் உருவத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்கிறது. மேடா, குகையா, கோடா, ஓரமாக நிற்கும் ஒரு புள்ளியா? பேத்தியை ஒரு காகிதத்தில் படம் போடச் சொல்லுங்கள். மேடு போட்டு அதன் மேல் அம்பு, வட்டம் போட்டு அதற்குள் அம்பு, கோடு போட்டு அதன் குறுக்கே அம்பு. என் வகுப்பில் மனப்பாடம் செய்த பிள்ளைகள் மறந்தார்கள், படம் போட்ட பிள்ளைகள் மறக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். தமிழில் இடைச்சொல்லைப்போல் நாம் புழங்கும் பல சொற்கள் உண்மையில் வினைகள். நோக்கி, சுற்றி, ஒட்டி, கடந்து, தாண்டி, விட்டு. ‘ஊரை நோக்கி’ என்றால் ஊரைப் பார்த்து, ‘குளத்தைச் சுற்றி’ என்றால் சுற்றுவது. ஆங்கிலம் ‘டுவர்ட்ஸ்’, ‘அரவுண்ட்’ என்று துண்டுச் சொல்லில் வைத்ததை நாம் உயிருள்ள வினையில் வைத்திருக்கிறோம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர் உங்களுடையது. எல்லைக்கோடு ஊரின் கிழக்கே இருந்து மேற்கே தாண்டியதைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். அதைப் பேத்தியிடம் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிப் பாருங்கள், எந்தச் சின்னச் சொல்லைப் போடுகிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.

‘இன்’, ‘இன்டு’ குழப்பம் தீரவே மாட்டேன் என்கிறது. ஒரு வரியில் சொல்லுங்கள் சார். – பிளஸ் டூ மாணவர், குமுளி

கிணற்றில் குதித்தான், கிணற்றில் நீந்தினான். தமிழில் இரண்டிலும் அதே ‘இல்’. குதித்தவன் முதலில் வெளியே இருந்தான், விளிம்பைக் கடந்து உள்ளே போனான், ‘இன்டு தி வெல்’. நீந்தியவன் முதலிலிருந்தே உள்ளேதான் இருந்தான், ‘இன் தி வெல்’. விளிம்பைக் கடந்தால் ‘இன்டு’. ‘ஃபெல் இன் தி வெல்’ என்று பேச்சில் அவர்களும் சொல்வார்கள், காரணம் விழு, குதி, போடு மாதிரி வினைகளிலேயே கடப்பது தெரிந்துவிடுகிறது. ஆனால் ஓடு, நட, நீந்து இவற்றில் விட்டுக்கொடுக்காதே தம்பி. ‘ரேன் இன் தி ரூம்’ என்றால் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடினான் என்றுதான் முதலில் தோன்றும்.

‘பிக் அப் தி பார்சல்’ சரி, ‘பிக் தி பார்சல் அப்’ சரி, ‘பிக் இட் அப்’ சரி, ‘பிக் அப் இட்’ மட்டும் தப்பு என்கிறார்கள். அதே நேரம் ‘லுக் ஆஃப்டர் இட்’ சரி, ‘லுக் இட் ஆஃப்டர்’ தப்பு. இதில் என்ன நியாயம்? – கூரியர் கடை வாசகர், திருத்தணி

நியாயம் இருக்கிறது. இரண்டு ஜாதிச் சின்னச் சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகின்றன, அதுதான் சிக்கல். ஒன்று வினையோடு சேர்ந்தது, இன்னொன்று பின்னால் வரும் பெயரோடு சேர்ந்தது. ‘ஹி ரேன் அப் எ ஹில்’, ‘ஹி ரேன் அப் எ பில்’, காதுக்கு ஓர் எழுத்துதான் வித்தியாசம். முதலாவதில் ‘அப்’ குன்றோடு சேர்ந்தது: எங்கே ஓடினான், குன்றின் மேல். இரண்டாவதில் ‘அப்’ ஓடுவதோடு சேர்ந்து ‘கடனை ஏற்றிக்கொண்டான்’ என்று புதுப் பொருள் கொடுக்கிறது. வினையோடு சேர்ந்தது இடம் மாறும், ‘ஹி ரேன் இட் அப்’ என்று பில்லைச் சொல்லலாம். பெயரோடு சேர்ந்தது நகராது, குன்றுக்கு ‘ஹி ரேன் அப் இட்’ மட்டும்தான்.

இதைக் காதால் பிடிக்க ஒரு வழி உண்டு. வினையோடு சேர்ந்த சின்னச் சொல்லை அழுத்திச் சொல்வார்கள்: பிக் இட் அப். பெயரோடு சேர்ந்ததை மெல்லச் சொல்லிவிட்டுப் போவார்கள்: லுக் அட் இட். ‘இட்’, ‘தெம்’ மாதிரி அழுத்தம் தாங்காத சின்னப் பெயர்கள், அழுத்திச் சொல்கிற சின்னச் சொல்லுக்குப் பின்னால் தனியாக நிற்கத் தயங்கும், அதனால் நடுவில் புகுந்துகொள்கின்றன. நீளமான பெயர் என்றால் கடைசியில் போடுங்கள்: ‘பிக் அப் தி பார்சல் தட் கேம் ஃப்ரம் நகரி’. இதையெல்லாம் பிரித்தால் நடுவில் மூச்சு முட்டும்.

வெளியாருக்கு இது கஷ்டம் என்று நாம் மட்டும் சொல்லவில்லை. சாமுவேல் ஜான்சன் 1755-இல் தன் ஆங்கில அகராதிக்கு எழுதிய முன்னுரையிலேயே, வினைக்குப் பின்னால் ஒரு துண்டுச் சொல் சேர்ந்து பொருளை மாற்றுவதுதான் அந்நியர்களுக்கு மிகப் பெரிய சிரமம் என்று ஒப்புக்கொண்டு, ‘கம் ஆஃப்’, ‘செட் அவுட்’ என்று பட்டியலே போட்டிருக்கிறார். இப்படி வினையும் துண்டுச் சொல்லும் சேர்ந்ததற்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியதே 1925-க்குப் பிறகுதான். பெயர் வைக்கும் முன்பே பயந்தவர்கள் நிறையப் பேர்.

கிளம்பும்போது ‘ஓகே, ஐ ஆம் கமிங்’ என்கிறேன். பெங்களூரில் படிக்கும் என் மகள் ‘அப்பா, அது தப்பு’ என்கிறாள். ‘போயிட்டு வரேன்’ என்பதைத்தானே சொல்கிறேன்? – வாசகர், சித்தூர், பாலக்காடு

உங்கள் மகள் சொல்வது சரி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்கு வந்த வெளிநாட்டு விருந்தாளி ஒருவரிடம் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் நான் திரும்பி வருவேன் என்று வராந்தாவில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ‘போ’ என்று சொல்லி வீட்டை விட்டு இறங்க நமக்கு மனசு வராது. தமிழில் ‘போயிட்டு வரேன்’, மலையாளத்தில் ‘போயிட்டு வராம்’, தெலுங்கில் ‘வெள்ளொஸ்தானு’, மூன்று வீட்டிலும் வழக்கம் ஒன்றே. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கமிங்’ என்றால் இதோ உன் பக்கம் வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான். கிளம்பும்போது ‘ஐ ஆம் ஆஃப்’ என்றோ ‘சீ யூ’ என்றோ சொல்லுங்கள்.

மற்றபடி ‘கம்’, ‘கோ’ விஷயத்தில் நமக்கு ஆங்கிலம் ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. ‘உங்க வீட்டுக்கு நாளைக்கு வரேன்’ என்கிறோம், ‘போறேன்’ என்பதில்லை. ஆங்கிலமும் ‘ஐ வில் கம் டு யுவர் ஹவுஸ்’தான். பேசுகிறவர் பக்கமும் கேட்கிறவர் பக்கமும் வந்தால் ‘வா’, மூன்றாமவர் பக்கம் என்றால் ‘போ’. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் இதையே சொல்லியிருக்கிறது: ‘தா’, ‘வா’ தன்மைக்கும் முன்னிலைக்கும், ‘செல்’, ‘கொடு’ படர்க்கைக்கு. தமிழில் தா, கொடு வித்தியாசம் மங்கிவிட்டது, ஆனால் உங்கள் சித்தூர்க் கடைத்தெருவில் காது கொடுத்துக் கேளுங்கள். ‘நினக்கு தராம்’, ‘அவனு கொடுக்காம்’ என்று மலையாளம் அந்த விதியை இன்றைக்கும் பிசகாமல் வைத்திருக்கிறது. ‘பிரிங்’, ‘டேக்’ குழப்பமும் இதோடு தீர்ந்தது: கொண்டு வா என்றால் ‘பிரிங்’, கொண்டு போ என்றால் ‘டேக்’.

மேலே போகாத இடத்திலெல்லாம் ‘அப்’ எதற்கு? ‘ஈட் அப்’, ‘டேர் அப்’, ‘யூஸ் அப்’. வீடு எரிந்தால் ‘பர்ன் டவுன்’, காகிதம் எரிந்தால் ‘பர்ன் அப்’. நான் ஆரியங்காவில் டீக்கடை வைத்திருக்கிறேன், சுற்றுலாக்காரர்கள் பேச்சில் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்கிறேன். – வாசகர், ஆரியங்காவு

கேட்டுக் கற்றுக்கொள்கிறவர் கேட்கிற கேள்வி எவ்வளவு கூர்மையாக இருக்கிறது பாருங்கள். இந்த ‘அப்’ உயரத்தைச் சொல்லவில்லை, முடிந்துவிட்டது, மிச்சமில்லை என்று சொல்கிறது. பாத்திரம் நிரம்பும்போது மட்டம் மேலே வந்து விளிம்பைத் தொட்டால் வேலை முடிந்தது அல்லவா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்களுக்கு அதைவிட நல்ல சாவி கையிலேயே இருக்கிறது. தமிழில் நாம் இதே வேலையைத் துணைவினையால் செய்கிறோம். தின்று தீர்த்தான், கிழித்துப் போட்டான், எழுதி முடித்தான். ‘ஈட் அப்’, ‘டேர் அப்’ இதுதான். பிடித்துக்கொள் என்றால் ‘ஹோல்ட் ஆன்’. ஓட்டிக்கொண்டே போ என்றால் ‘டிரைவ் ஆன்’. எடுத்து வை என்றால் ‘புட் அவே’. ஓடிப்போ என்றால் ‘ரன் அவே’. கொடுத்துவிடு என்றால் ‘கிவ் அவே’. எல்லா இடத்திலும் பொருந்தாது, ஆனால் முக்கால்வாசி இடத்தில் ஆங்கிலச் சின்னச் சொல் உட்காரும் இடத்தில் தமிழில் ஒரு துணைவினை உட்கார்ந்திருக்கும். ‘விடு’வில் யாரும் எதையும் கைவிடுவதில்லை, ‘போடு’வில் யாரும் எதையும் எறிவதில்லை. அதுபோல ‘அப்’பில் யாரும் மேலே ஏறுவதில்லை. நாம் நம்முடையதைக் கேள்வி கேட்காமல் பேசுகிறோம், அவர்களும் அப்படியே.

எரிவதற்கு வருகிறேன். வீடு எரிந்தால் நின்றது விழுகிறது, கூரை சரிந்து தரைமட்டமாகிறது, அதனால் ‘டவுன்’. காகிதத்தில் விழுவதற்கு ஒன்றுமில்லை, எரிந்து இல்லாமல் போகிறது, அதனால் ‘அப்’. எரிந்து விழுந்தது, எரிந்து போனது என்று நாமும் பிரித்துத்தானே சொல்கிறோம்.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் இன்னொன்று கேட்டிருந்தீர்கள், சாயங்காலம் பால் தீர்ந்துபோனால் சுற்றுலாக்காரர்களிடம் என்ன சொல்வது என்று. ‘மில்க் ஃபினிஷ்ட்’ என்று சொல்லிவந்தீர்களாம், புரிந்துகொண்டு போய்விடுவார்களாம். ‘வி ஹேவ் ரன் அவுட் ஆவ் மில்க்’ என்று சொல்லுங்கள். தீர்ந்துபோவதில் போவது இருக்கிற மாதிரி, அவர்களுக்கு அதில் ஓடுவது இருக்கிறது. பலகையில் எழுதுவதென்றால் ‘ரன்’ என்றே எழுதுங்கள், ‘ரேன்’ வேண்டாம். கூடவே பால் வேண்டாத கட்டன் சாயா இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.